வண்டியை எவ்வளவு உயர்த்துவது

5 ஆகஸ்ட் 2012, ஞாயிறு. பத்துபஸ்தி.

விடியலிலிருந்து மழை. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் ஓய்வு. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

பிக்கப் இன்றும் தோற்றது. உப்பங்கழி ரோட்டில் பாதி தூரம்தான். சுனாமியில் தரை இறங்கிய நாளிலிருந்து அந்த ரோடு பாதி கடலுக்கு, பாதி நமக்கு. நீர் வற்றிய நேரத்திலும் முழங்கால் தண்ணீர், அடியில் குழி. ஒரு குழியில் வண்டியின் வயிறு தட்டியது. ரிவர்ஸில் வந்தேன். கரையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பிகாஷின் ஆட்களாக இருக்கும்.

பிகாஷ். மகள் மல்லிகாவின் புருஷன். அக்கரையில் வீடு. மாப்பிள்ளை என்று எழுத இன்னும் கை வரவில்லை. பெங்காலி. அக்கரைக்கும் இக்கரைக்கும் டுங்கி ஓட்டிப் பிழைப்பு. ரோடு மூழ்கிக் கிடந்தால் படகுக்காரனுக்குத்தானே நல்லது? ரோட்டைச் சரிசெய்யக் கேட்டு நான் கொடுத்த மனுக்களுக்குப் பதிலே இல்லை. விசாரிக்க வேண்டும்.

மல்லிகாவுக்கு எட்டாம் மாதம் முடிகிறது. போன மாதம் அக்கரைப் பெண் ஒருத்திக்கு டுங்கியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. இவளை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரி பக்கம். வரமாட்டாளாம். வீட்டுக்காரி காமாட்சி மூலம் செய்தி, அவளுக்கு எப்படி வருகிறதோ: “அப்பா நேர்ல வந்து கூப்பிட்டா வர்றேன். கல்யாணத்துக்கும் வரல, வீட்டுக்கும் வரல. சும்மா சொல்லி அனுப்பினா வரமாட்டேன்.” அவள் அம்மா வீட்டுப் பிடிவாதம்.

போவேன். ரோட்டில் போவேன். டுங்கியில் இல்லை. கச்சால் தீவில் அலைக்குப் பிறகு எங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோன டுங்கி கவிழ்ந்தது. தம்பி போய்விட்டான். ஓட்டியவன் நீந்திக் கரையேறினான். அவன் முகம் நினைவிருக்கிறது. போதும்.

வண்டியை உயர்த்த வேண்டும்.

7, செவ்வாய்

மெக்கானிக் ராஜுவின் பட்டறை. மதுரைக்காரன். பேச்சு அதிகம், டீ இன்னும் அதிகம். உயர்த்த என்னென்ன வழி என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

- முன்னால் ஸ்பிரிங் மேல் வளையம், பின்னால் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை. லேத்தில் கடைந்து தருவானாம். மலிவு. கட்டை நழுவினால்? சிரிக்கிறான்.
- பின்பட்டையில் கூட ஒரு பட்டை. குலுக்கும். முதுகெலும்பு என்னுடையது, அவனுடையது இல்லை.
- கேபினை மட்டும் தூக்குவது. வயிறு இருந்த இடத்திலேயே இருக்கும். யாரை ஏமாற்ற?
- முழு செட்: புது ஸ்பிரிங், புது ஷாக். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

“நாலு இஞ்ச் தூக்கு,” என்றேன்.

“ரெண்டு போதும் பெரியவரே. நாலு தூக்கினா ஒட்டகம் மாதிரி ஆடும். நீங்க மேல உக்காந்து பேப்பர் படிக்கலாம், ஓட்ட முடியாது.”

“ரப்பர் தோட்டத்து லாரி இன்ஜினையே நான் தனியா இறக்கி மாட்டினவன்.”

“தெரியும். நீங்க போன வாட்டியும் சொன்னீங்க.”

பிறகு ஒன்று சொன்னான். எவ்வளவு தூக்கினாலும் பின் அச்சின் நடு உருண்டை உயராதாம். அது சக்கரத்தோடு இருப்பது. அது உயர வேண்டுமானால் பெரிய டயர் போட வேண்டும். டயர் விற்கப் பார்க்கிறான்.

ஏன் இரண்டு அங்குலத்திலேயே நிற்கிறான்? இவனும் சில ஞாயிறு டுங்கியில் மீன் பிடிக்கப் போகிறவன்.

9, வியாழன்

டெலானிபூரில் ஒரு கடை. முழு செட் ஒன்று கையிருப்பிலேயே இருக்கிறது. மூன்று அங்குலம். ஏதோ ஆபீசுக்காக வரவழைத்து அவர்கள் வாங்காமல் விட்டதாம். ஏன் விட்டார்கள்? கடைக்காரர்: “ஆபீசர் டிரான்ஸ்ஃபர் ஹோ கயா.” மாற்றலாகிப் போனவன் தலையில் எதையும் கட்டலாம். ஸ்பிரிங்கை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி விரிசல் பார்த்தேன். ஷாக்கை அழுத்திப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவு இல்லை. ரப்பர் புஷ்ஷை நகத்தால் கீறிப் பார்த்தேன். கடைக்காரருக்குக் கோபம். எனக்கென்ன.

குறை ஒன்றும் அகப்படவில்லை. நாளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

வலது கண்ணில் நீர் வடிகிறது. மருந்து தீர்ந்துவிட்டது.

11, சனி

இரண்டு சந்தேகம் தீர்ந்தது. இரண்டும் எனக்குப் பிடிக்காத விதத்தில்.

ஒன்று. வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கீழே படுத்து அளந்தேன். உடம்பு உயர்ந்தது, பட்டை விரிந்தது. உருண்டை தரையிலிருந்து இம்மி உயரவில்லை. ராஜு சொன்னது சரி. சரியாகச் சொல்லிவிட்டதால் அவனை நம்பிவிட முடியாது. ஆனால் பெரிய டயரும் போட வேண்டியதுதான்.

இரண்டு. காமாட்சியின் செருப்பில் உப்பங்கழிச் சேறு.

“எங்கே போனே?”

“எங்க போவேன்? மகளப் பாக்கத்தான். மாசத்துல ரெண்டு வாட்டி போறேன். ஒங்க மாப்ளதான் கையப் புடிச்சு ஏத்தி எறக்குவாரு.”

“டுங்கியிலா?”

“பின்ன, பறந்தா போவேன்?”

இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லையாம். வீட்டுக்குள்ளேயே இப்படி. வெளியில் யாரை நம்புவது? சாப்பாடு போட்டாள். சாப்பிட்டேன்.

அவள் கால் வீங்கியிருக்கிறதாம். மல்லிகாவுக்கு.

15, புதன்

சுதந்திர தினம். பள்ளி மைதானத்தில் ஒலிபெருக்கி. பட்டறைக்கு விடுமுறை, ஆனாலும் பாதி ஷட்டரைத் தூக்கி ராஜு வேலை செய்தான். டெலானிபூர் கடையில் வாங்கிய முழு செட், பெரிய டயர். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் அவன் முறுக்கிய பிறகு நானும் முறுக்கினேன்.

“பெரியவரே, ஒங்களுக்கு என் மேலதான் சந்தேகமா, எல்லார் மேலயுமா?”

“எல்லார் மேலயும்.”

“அப்ப சரி. மனசு கஷ்டப்பட்டுச்சு, இப்ப இல்ல.”

சாயங்காலம் ஏர்போர்ட் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வளைவில் லேசாகச் சாய்கிறது. பிரேக் பிடிக்கிறது. ஏறும்போது கொஞ்சம் எக்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. ஆட்டோக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

நாளை மறுநாள் அமாவாசை. சனிக்கிழமை நீர் நன்றாக வற்றும், மாலை நாலு மணி வாக்கில். அன்றைக்குப் போவது. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ரோட்டில் கல் போட்டு வைப்பார்கள்.

18, சனி. மல்லிகா வீட்டு வாசல், வண்டிக்குள்.

கடந்துவிட்டேன். எல்லாக் குழியும். தண்ணீர் சக்கரத்தின் பாதிக்குக் கீழேயே நின்றது. வயிறு எங்கும் தட்டவில்லை. பிகாஷின் டுங்கி சேற்றில் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்து ஹார்ன் அடித்தேன்.

மல்லிகா வெளியே வந்தாள். முகம் ஊதியிருக்கிறது. இரண்டு வருஷம் ஆயிற்று பார்த்து.

“வாம்மா. கூப்பிட வந்திருக்கேன்.”

அழுதாள். உடனே பையை எடுத்து வந்தாள். அது வரைக்கும் எல்லாம் சரி. கதவைத் திறந்தேன். அவள் இடுப்பு உயரத்தில் சீட். காலைத் தூக்கினாள், முடியவில்லை. பிகாஷின் அம்மா பிரம்பு மோடாவை ஸ்டூல் போலக் கொண்டுவந்து போட்டாள். அதில் ஏறினாள், மோடா ஆடியது, இறங்கிவிட்டாள். பிகாஷ் பலகை கொண்டுவந்தான். வேண்டாம் என்று கை காட்டினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு சிரித்தாள்.

“தண்ணிய அளந்தீங்க, குழிய அளந்தீங்க. நான் எவ்ளோ உசரம் ஏறுவேன்னு யாரையாச்சும் கேட்டீங்களாப்பா?”

கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. காமாட்சி சொல்லியிருக்கலாம். ராஜு சொல்லியிருக்கலாம்.

ரோட்டுக் குலுக்கலில் வரவே கூடாது என்று நர்ஸ் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். காலையில் நீர் ஏறியதும் டுங்கியில் வருகிறாளாம். ஒரு நிபந்தனை. “கூப்பிட வந்தவரு கூட வரணும். நீங்க ஏறினாத்தான் நான் ஏறுவேன்.”

திட்டம் போட்டுச் செய்கிறார்களா? இருக்காது. அவள் கால் வீக்கம் திட்டமில்லை. பாதம் செருப்புக்குள் நுழையவில்லை.

உள்ளே படுக்கக் கூப்பிட்டார்கள். வண்டியிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். கடுகு எண்ணெய் வாசம். பசி, சாப்பிட்டேன்.

19, ஞாயிறு. பத்துபஸ்தி.

வீடு வந்தாயிற்று. மல்லிகா உள்ளே தூங்குகிறாள். காமாட்சி அவள் காலடியில். நாளை ஆஸ்பத்திரி.

நடந்ததை எழுதிவிடுகிறேன். காலை பத்து மணிக்கு நீர் வாசல் வரை. ரோடு எங்கே என்றே தெரியவில்லை. மல்லிகா கரையில் நின்றாள், என்னைப் பார்த்தபடி. பிகாஷ் டுங்கியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில்.

அவனிடம் கேட்டேன், ஹிந்தியில், எல்லார் முன்னாலும்: “கவிழ்ந்தால் முதலில் யாரைப் பிடிப்பாய்?”

அவன் அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். மல்லிகா, “அப்பா!” என்றாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். உடனே சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

“மல்லிகா கோ. பாத் மே ஆப்கோ, பாபா.”

முதலில் மல்லிகா, பிறகு நான். என்னைத் தாஜா செய்ய மாற்றிச் சொல்லவில்லை. தன்னைச் சொல்லவில்லை.

ஏறினேன். நடுவில் உட்காரச் சொன்னான், அசையக் கூடாதாம். அசையவில்லை. மல்லிகா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயமா, எனக்காகவா, தெரியாது. மோட்டார் போடவில்லை. ஆடும் என்று மூங்கிலை ஊன்றியே தள்ளினான். மூங்கில் அடியில் தார் ரோட்டில் இடிக்கும் சத்தம் வழி நெடுக. டுங்கியின் குறுக்குக் கட்டையைப் பிடித்த கையை இறங்கும்வரை விடவில்லை.

பிக்கப் அக்கரையில் நிற்கிறது. அங்கேயே விட்டால் நாளைய நீர் இன்னும் உயர்ந்து பிரேக்கில் ஏறும். சாயங்காலம் நீர் வற்றியதும் ஓட்டி வருகிறேன் என்றான் பிகாஷ். லைசன்ஸ் கேட்டேன். காட்டினான். செல்லும்.

சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். டீசல் முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது. பார்த்து வைத்திருக்கிறேன்.