தீராந்திக்குள் இருந்த இரும்பு

அன்புள்ள அத்தான்,

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்பப் போகிறாய் என்று அக்கா கேட்டா. அனுப்பத் தேவையில்லை, அவருக்குச் சொன்னால் போதும் என்றேன். நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. பட்டறை மறுபடி ஓடத் தொடங்கி மூன்று மாதம்தான்.

எனக்குத் தடி கடைய மட்டும்தான் தெரியும். பில்லியட்ஸ் தடியின் முன்பாதிக்கு மேப்பிள் மரம் கொழும்பிலிருந்து வந்துவிடும். கை பிடிக்கிற பின்பாதிக்குத்தான் எங்கடை பழைய மரம் வேண்டும். இடிக்கிற வீடுகளைத் தேடிப் போய், ஐம்பது அறுபது வருசம் ஓட்டுக்குக் கீழே கிடந்து காய்ந்து அடங்கிய முதிரையையும் பனையையும் கண்டுபிடித்து வந்தது நீங்கள். ஒரு மரத்துக்காக அரைநாள் ஒரு வீட்டில் இருந்துவிட்டு வருவீர்கள். "மரம் வாங்கப் போனியளோ, சம்பந்தம் பேசப் போனியளோ?" என்று எத்தனை தரம் எரிந்து விழுந்திருப்பேன். நீங்கள் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கேட்பீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது, அத்தான்?

நீங்கள் சேர்த்து வைத்த மரம் முடிந்தது. பக்கத்துக் கொழும்புத்துறையில் ஒரு வீட்டுக் கூரை இறக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதல்முறையாகத் தனியே போனேன். வீட்டுக்காரி கிறேஸ் ரீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவ, கல்யாணம் செய்யவில்லை. ஓடு தாங்கின சிலாகைகளைக் கறையான் தின்றுவிட, கனடாவில் இருக்கிற தம்பி கொங்கிறீற் பிளாட் போடச் சொல்லிவிட்டாராம். கூரையைத் தாங்கி நின்ற முதிரைத் தீராந்தி முற்றத்தில் கிடந்தது. தட்டினேன், கணீரென்றது. முடிச்சில்லை, பூச்சித் துளை இல்லை, நார் நேராக ஓடியிருந்தது. யன்னல் நிலைக்கென்று மரம் விற்கிற மரக்காலைக்காரர் கேட்ட விலைக்கு மேலே நான் நின்ற நிலையிலேயே ஒரு விலை சொன்னேன்.

"இதை என்ன செய்யப் போறீர்?"

"பில்லியட்ஸ் தடி, ரீச்சர்."

"சூதாட்டத்துக்கோ?"

"எல்லாரும் காசுக்கு விளையாடுறேல்லை ரீச்சர். போட்டிக்கு விளையாடுற பிள்ளையளும் வாங்குதுகள். ஆனால் சில தடி குடிக்கிற கிளப்புக்கும் போகும். எது எங்கை போகுமெண்டு என்னாலை சொல்லேலாது."

"பொய் சொல்லேல்லை, அது நல்லது. ஆனால் உந்த மரம் அதுக்குப் போகவேண்டாம்."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். நீங்கள் போன நாளிலிருந்து அக்கா படலைக்கு அப்பால் போனதில்லை. அன்றைக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவ நிமிர்ந்து பார்த்தா.

"ஏன் வேண்டாமெண்டவ எண்டு கேட்டனியோ?"

"அதுதான் சொன்னாவே, சூதெண்டு."

"அதில்லையடா. உந்த மரம் போகவேண்டாம் எண்டெல்லோ சொல்லியிருக்கிறா. உந்த மரத்திலை என்ன?"

அடுத்த நாள் காலை அக்கா சீலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றா. "வா, போவம்" என்றா. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் அக்காவும் ரீச்சரும் கதைக்கத் தொடங்கினார்கள். மரத்தைப் பற்றியே இல்லை. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் ரீச்சர் சொன்னா. ஷெல் விழுந்த காலத்தில் அயலெல்லாம் பங்கருக்குள் ஓட, படுக்கையில் கிடந்த தாயைத் தூக்க முடியாமல் இவவும் கட்டிலடியிலேயே இருந்துவிட்டாவாம். முற்றத்தில் ஒன்று விழுந்தது. ஓடெல்லாம் கொட்டுப்பட்டது. "தீராந்தி மட்டும் விழேல்லை. அம்மா அதுக்குப் பிறகும் ஆறு வருசம் இருந்தவ."

அதைக் கேட்டு அக்காவும் வாய் திறந்தா. எனக்கே சொல்லாததை அந்த மனுசிக்குச் சொன்னா. "அவர் நெஞ்சு நோகுதெண்டவர், ரீச்சர். நான் வாய்வாக்குமெண்டு உள்ளிப்பூடு அவிச்சுக் குடுத்தனான். குடிச்சிட்டுத்தான் பட்டறைக்குப் போய் விழுந்தவர்." இத்தனை மாதமாக இதை வைத்துக்கொண்டுதான் சமைத்தாவா? எனக்கும் சோறு போட்டாவா? ரீச்சர் அக்காவின் கையைப் பிடித்து, "பிள்ளை, நானும் உள்ளிதான் குடுத்திருப்பன்" என்றா. அக்கா அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதா.

நான் அழுகையைப் பார்க்க மாட்டாமல் முற்றத்துக்கு வந்தேன். சும்மா நிற்கவும் முடியவில்லை. ஆணி கிடந்தால் வாள் உடையும் என்று நீங்கள் கொண்டு திரிந்த காந்தத்தைத் தீராந்தியில் ஓட்டினேன். ஓரிடத்தில் டக்கென்று பிடித்தது. உளியால் மெல்லக் கிண்டினேன். ஆணி இல்லை. பெருவிரல் நகமளவு, விளிம்பு கிழிந்த இரும்பு. சுற்றிலும் மரம் மை ஊற்றினது போல நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. கறை பிடித்த துண்டு எங்களுக்கு உதவாது; முழுத் தீராந்தியின் பெறுமதியும் குறையும். மறைக்காமல் ரீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவ குனிந்து பார்த்தா. பக்கத்தில் இருந்த கொளுக்கியைத் தடவினா. "இது அம்மாவின்ரை நுளம்பு வலை கட்டின கொளுக்கி. அவவின்ரை தலைக்கு நேரை மேலை." பிறகு அந்த மரத்திலேயே குந்திவிட்டா. விழாமல் நின்றது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தா. தாயின் தலைக்கு வந்த ஷெல் துண்டைத் தாங்கிக்கொண்டு நின்றது என்று இப்போதுதான் தெரிந்தது.

"இந்தத் துண்டை எனக்கு அறுத்துத் தாரும். மிச்சத்தைக் கொண்டுபோம்."

"சூதெண்டியளே, ரீச்சர்?"

"யன்னல் நிலையாய்ப் போனாலும் அதிலை சாய்ஞ்சு நிண்டு ஆரும் குடிப்பினம்தானே" என்று மூக்கைத் துடைத்தா.

மரம் இப்போது எங்கடை பட்டறையில். சதுரக் கட்டைகளாக அறுத்து, ஒரு சுற்றுக் கடைந்து, முனைக்கு மெழுகு பூசித் தூக்கி வைத்திருக்கிறேன். ஒரு சுற்றுக் கடைந்தால் இரண்டு மாதம் தொடக்கூடாது என்பீர்களே, தொடவில்லை. அக்கா சனிக்கிழமைகளில் ரீச்சர் வீட்டுக்குப் போய் வாறா. நேற்று ஒரு பனஞ்சிலாகையைத் தட்டிப் பார்த்து, "உள்ளுக்கை கோறை" என்று ஒதுக்கினா. அறுத்துப் பார்த்தேன், நடுவே பொள்ளலாய்க் கோறைதான். ஆனாலும் வீட்டில் உள்ளி உரிக்கும்போது இன்னும் அவவின் கை நிற்கிறது. ஒருக்கால் கனவிலாவது வந்து அவவுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா?

இன்று காலை ரீச்சர் தொலைபேசி எடுத்தா. "குணம், அந்த விளையாட்டை இன்ரநெற்றிலை பாத்தனான். முழுக்கக் கோணக் கணக்கெல்லோ! தடி முடிஞ்சால் ஒரு பந்து அடிச்சுப் பாக்க விடுவீரோ?"

அத்தான், அந்தத் தீராந்தியில் பிறக்கிற முதல் தடியை ரீச்சரின் கைக்கு அளவாக, நிறை குறைத்துக் கடைவேன். எவர் கேட்டாலும் அவசரப்படமாட்டேன். பட்டறை மேசையடியில் அவவுக்குப் பக்கத்தில் அக்காவையும் நிறுத்தி, முதல் பந்தை எந்தக் குழிக்கு அடிப்பது என்று இரண்டு பேரையும் சண்டை பிடிக்க விடுவேன். இது சத்தியம்.

உங்கடை மச்சான்,
குணம்