அரிசி மூட்டையை இனி கட்ட வேண்டாம்

என்னங்க,

அன்னா அக்காவோடு சர்ச்சுக்குப் போகிறேன். ரசம் அடுப்பில் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டில் கொடுக்காதீர்கள், அவர்கள் கோபமாக இருக்கிறார்கள். பால்கனியில் கயிறு கட்டி நீங்கள் இழுத்துப் பழகுகிற அரிசி மூட்டை காலையில் அறுந்து அவர்கள் ஸ்கூட்டர் மேல் விழுந்துவிட்டது.

“அங்கிளுக்கு எதுக்கு ஆன்ட்டி இந்த வேலை?” என்று கேட்டாள் கீழ்வீட்டுப் பெண். நார்வேயில் எங்கள் மகன் லெஸ்லியோடு கயாக் படகில் போய் ஹாலிபட் பிடிக்கப் போகிறார், அந்த மீன் கதவு அகலம் இருக்குமாம், இழுக்கக் கையில் பலம் வேண்டுமாம் என்றேன். அவள் சிரிக்கக்கூட இல்லை.

சிந்தாத அரிசியை டப்பாவில் கொட்டிவிட்டேன். இனி மூட்டை கட்ட வேண்டாம்.

ஸ்டெல்லா

பி.கு.: தோள்வலி மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

இன்னொன்று. லெஸ்லி ஞாயிற்றுக்கிழமையே போன் செய்தான். “கயாக்கை வித்துட்டேம்மா. அப்பா வர வேணாம், எங்களுக்குள்ள ஒத்துவராது. நீயே சொல்லிடு” என்றான். நாலு நாளாகச் சொல்ல வாய் வரவில்லை. மூட்டைக்கு முடிச்சுப் போடும்போதெல்லாம் நீங்கள் பாடிக்கொண்டிருந்தீர்கள். அவன் சண்டை போட்டுக்கொண்டு போன பிறகு, இதற்கு முன் நீங்கள் பாடி நான் கேட்டதே இல்லை.