சிட்லபாக்கத்துக்கு நாலு கிரேஸ் மார்க்

எதைக் கண்டாலும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்ட என் அருமை மனிதருக்கு,

என்னங்க, சௌக்கியமா? அங்கே சாம்பாருக்கு எத்தனை மார்க் போடுகிறீர்கள்? நம் தெருச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். உங்களைப் பற்றி ஊருக்கு எழுத எனக்கு வரவில்லை. ஊர்க்கதையை உங்களுக்கு எழுதுவது என்றால் பேனா தானாக ஓடுகிறது. படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் நல்ல சேதி. நம் பெண் கல்பனாவுக்கு அமெரிக்காவில் படிப்பு முடிந்து வேலை கிடைத்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு! அந்த நாட்டின் நட்ட நடுவில், சோளம் விளைகிற சீமையில், பக்கத்துப் பக்கத்து மாநிலங்களின் தலைநகரங்கள். ஒன்று டெமாயின், இன்னொன்று லிங்கன். தலைநகரம் என்றதும் மெட்ராஸ் அளவுக்கு நினைத்துவிடாதீர்கள். இரண்டுமே நடுத்தர ஊர்கள்தானாம். சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"எந்த ஊருன்னு நீயே சொல்லும்மா. அப்பா இருந்தா மார்க் போட்டுச் சொல்லியிருப்பார்" என்றாள். இரண்டு வாரத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

அவள் சொன்ன விஷயம் சரி, சொன்ன குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் காரியத்துக்கு அவளால் வந்து சேர முடியவில்லை இல்லையா? அந்த நாளிலிருந்து இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வருகிறது, சிரிப்பு மட்டும் வருவதில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். குளிரா, குளிர்தான். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்த பெண்ணா இவள்? எந்த ஊருக்குப் போனாலும் இப்படியே வற்றிப்போய்விடுவாளோ?

சரி, மார்க்தானே என்று முழுத்தாள் ஒன்றை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன், முறைக்காதீர்கள். இன்டர்வியூவுக்குப் போனபோது இரண்டு ஊரிலும் இரண்டு நாள் தங்கியிருக்கிறாள். அதனால் போனிலேயே பரீட்சை வைத்தேன்.

"தண்ணி எப்படிடி?"

"டெமாயின்ல சில வருஷம் முன்னாடி ஆத்துல வெள்ளம் வந்துடுச்சாம்மா. பத்து நாளைக்கு மேல குழாய்ல தண்ணியே வரலையாம்."

தெருவெல்லாம் வெள்ளம், குழாயில் காற்று. நம்ம ஊர்க் கூத்து கடல் தாண்டியும் நடக்கிறதா? மூன்று மார்க் போட்டேன், அதுவே ஜாஸ்தி.

"கோயில்?"

"லிங்கன்லேர்ந்து கார்ல ஒரு மணி நேரம் போனா பக்கத்து ஊர்ல ஒண்ணு இருக்கு. டெமாயின்ல இனிமேதான் தேடணும்."

லிங்கனுக்கு ஏழு. அங்கே பெரிய யுனிவர்சிட்டி இருக்கிறதாம். பந்தாட்டம் நடக்கிற சனிக்கிழமையில் ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுமாம். செவ்வாடைக் கூட்டத்தோடு மேல்மருவத்தூர் போகிற பஸ்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசை கட்டுமே, அந்தக் காட்சி கண்ணில் வந்தது. அதற்கும் ஏழு. டெமாயின்காரர்கள் பனிக்காலத்தில் தெருவில் இறங்கவே வேண்டாமாம். ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு, ரோட்டுக்கு மேலேயே, கண்ணாடி போட்டு மூடிய பாலங்கள். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் மழையில் நனைந்த எனக்கு அதன் அருமை தெரியாதா? எட்டு போட்டேன்.

கூட்டினால் லிங்கன் நாற்பத்தாறு, டெமாயின் முப்பத்தெட்டு. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கூட்டுத்தொகைக்குக் கீழே நீங்கள் ஒரு கோடு போடுவீர்களா, இரண்டா என்று ஒரு சந்தேகம். பார்த்துவிடலாம் என்று வீட்டுப் பத்திர ஃபைலைப் பிரித்தேன். நாம் மனை பார்த்தபோது நீங்கள் மார்க் போட்ட தாள் அதில்தான் இருந்தது.

ஞாபகம் இருக்கிறதா, எண்பத்து மூன்று ஐப்பசி? உங்களுக்கு மாடம்பாக்கம்தான் வேண்டும், எனக்கு சிட்லபாக்கம். "மனையை மழையிலதான் பாக்கணும்" என்று கொட்டுகிற மழையில் என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். மாடம்பாக்கத்து மனை மேடாக, சொட்டுத் தண்ணீர் தேங்காமல், கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. சிட்லபாக்கத்தில் கணுக்கால் முங்கத் தண்ணீர். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றார். அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறோம். "பொய் சொல்ல மாட்டேம்மா, மழை பேஞ்சா ஏரி இங்க வந்துரும். ஆனா கெண்டை மீனும் கூடவே வரும், மார்க்கெட்டுக்குப் போற வேலை மிச்சம்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் குடை நழுவித் தண்ணீரில் விழுந்தது. அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் தள்ளி நின்று மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

திரும்புகிற ரயிலில், "சிட்லபாக்கமே இருக்கட்டும்" என்றீர்கள். சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் என்று நான் பேசிய பேச்சில்தான் மடங்கினீர்கள் என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேனே!

தாளில் மாடம்பாக்கம் நாற்பத்து மூன்று. சிட்லபாக்கம் நாற்பது. அதற்குக் கீழே சிவப்பு மையில்: "கிரேஸ் மார்க் நாலு. வசந்தா இங்கே சிரித்தாள்."

அடப்பாவி மனுஷா! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் துடைப்பத்தை வைத்துக்கொண்டு கூடத்துத் தண்ணீரை வெளியே தள்ளினீர்களே. ஒரு தடவையாவது, உன்னால்தானே என்று சொல்லியிருக்கலாமே?

தாளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். ஸ்டெல்லா அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "அப்போ இந்த மனைக்கு புரோக்கர் நான்தானா? கமிஷனே வரலியே வசந்தா!" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"கூட்டிட்டியாம்மா? லிங்கன்தானே?"

"இருடி, ஒரு பாடம் பாக்கி இருக்கு. ரெண்டு ஊர்ல எங்க சிரிச்சே?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"டெமாயின்லம்மா" என்றாள் மெதுவாக. "அந்தக் கண்ணாடிப் பாலத்துல வழி தெரியாம நின்னேன். ஒரு வயசான அம்மா, நான் இந்த ஊர்லயே பொறந்தவ, வா காட்டறேன்னு கூட்டிட்டுப் போனாங்க. சுத்திச் சுத்தி ஒரே செருப்புக் கடைக்கே வரோம்மா. மூணாவது வாட்டி அந்தக் கடைக்காரர் எங்களைப் பாத்து..."

அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. சிரிப்பு! நம் கல்பனாவின் பழைய சிரிப்பு! ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா போன் நம்பர் கொடுத்து, குளிர் கோட்டு வாங்க வா, சேர்ந்து போகலாம் என்றிருக்கிறார்.

எட்டு மார்க் வித்தியாசம். நீங்கள் நாலு போட்ட கஞ்சர். நான் டெமாயினுக்கு கிரேஸ் மார்க் பத்து போட்டேன்.

"தண்ணிக்கு மூணுதானேம்மா போட்டே?" என்று இழுத்தாள்.

"வெள்ளம் வந்தா துடைப்பத்தால தள்ளு. உங்கப்பா தள்ளலையா?" என்றேன்.

டெமாயினுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், பனி கொட்டுகிற மாதத்தில்தான் போவேன். மழையில் மனை பார்த்தவரின் பெண்டாட்டி வெயில் காலத்திலா போவாள்? உங்கள் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த அம்மாவைத் தேடிப்பிடித்து, நானும் ஒரு தடவை வழி தவறுவேன்.

உங்களுக்கு நான் மார்க் போட்டதே இல்லையே? இப்போது போடுகிறேன். பத்துக்கு ஒன்பது. சிவப்பு மையில் எழுதியதை வாயால் சொல்லாமலே போனதற்கு ஒன்று குறைத்திருக்கிறேன். நான் அங்கே உங்களிடம் வரும்போது நேரில் சொல்லிவிட்டு, அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் குடையைத் தண்ணீரில் விட்ட
உங்கள் மனைவி
வசந்தா