வெறுந்தட்டு

வெள்ளி இரவு, அஜ்மான்.

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மச்சினன் நேற்று சாப்பிடும்போது பெருமையடித்தான். "எங்க ஸ்டேட்ல ஓட்டெடுப்பு நடந்துச்சு அத்தான். பெரியவங்க கஞ்சா வச்சுக்கலாம்னு ஜெயிச்சாச்சு. நானும் அதுக்குத்தான் போட்டேன். இப்ப கடையில மிட்டாயாவே விக்கிறாங்க."

"இது அரபு நாடு. இங்க அந்தப் பேச்சே வேணாம். கலாஸ், இதோட முடிஞ்சுது," என்றேன்.

இன்று இருட்டிய பிறகு அவன் தன் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, சைடு ஜிப்புல ஒரு ஜெல்லி மிட்டாய் பாக்கெட் இருந்துச்சே? அதை அமெரிக்கா வீட்டுலயே எடுத்து வைக்க மறந்துட்டேன்."

என் மனைவி மீனா சாதாரணமாகச் சொன்னாள். "நீதானடா சாக்லேட்டெல்லாம் எடுத்துக்கோன்னே? மேல் வீட்டம்மா பிரியாணி குடுத்த தட்டை வெறுந்தட்டாவா திருப்பிக் குடுப்பேன்? பிள்ளைங்க தின்னட்டும்னு சாயங்காலம் அதை வச்சுக் குடுத்தேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லிடாதீங்க அத்தான். எல்லாரையும் உள்ள போட்டுருவாங்க."

மாடிப்படி வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

தினமும் இந்நேரம் அந்தப் பிள்ளைகள் என் தலைக்கு மேல் தடதடவென்று ஓடும். சனியன்கள் என்று திட்டுவேன். இன்று ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போ, போய்ச் சொல் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இன்னும் டைரி எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.