கடைசி ஆட்டத்தில் காட்டிய சிலைடு

அண்ணே,

நேற்று நம் சினிமாக் கொட்டகையில் சாப்பிட்டேன். கொட்டகை என்று நான்தான் சொல்கிறேன். வாசலில் தங்க எழுத்தில் மகால் என்று போட்டிருக்கிறது. எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணம், போகாமல் இருக்க முடியவில்லை. பந்தியில் ரசம் ஊற்றினார்கள். அது இலையில் நிற்காமல் முன்பு திரை இருந்த பக்கமாக ஓடியது. பக்கத்தில் இருந்த அம்மா இலையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னாங்க இது, தரையே சரிஞ்சி கெடக்குது" என்றார். முதலாளியின் மகன் இருக்கிறாரே, நாம் சின்னவர் என்று சொல்வோமே, அவர் தரையைச் சமப்படுத்த மனசில்லாமல் பழைய சரிவின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டார். இருநூறு பேர் இலையைப் பிடித்துக்கொண்டு அவரைத் திட்டியதைக் கேட்டு வயிறு நிறைந்தது. இரண்டாம் முறை நானே ரசம் கேட்டு வாங்கினேன்.

நீங்கள் இருந்திருந்தால், "போதும்மா, வுடு" என்று சொல்லியிருப்பீர்கள். எதற்கெடுத்தாலும் உங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான். மேலே ஆப்பரேட்டர் ரூமில் நீங்கள், கீழே பெண்கள் டிக்கெட் கவுன்டரில் நான். பதினோரு வருஷம் அப்படித்தான் போயிற்று. அதில் ஒருநாள்கூட நீங்கள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்கு அந்தக் குணம் வரவில்லை, வரவும் வேண்டாம்.

மேட்னி ஆட்டத்துக்குப் பீங்கான் கம்பெனிப் பெண்கள் முதல் ஷிப்டு முடித்து நேராக வருவார்கள். அவர்கள் எழுந்துபோன நாற்காலிகளில் வெள்ளை மாவு அப்பியிருக்கும். வெளியூர் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டு, பின்பக்கம் வெளுத்துப்போய்ச் சண்டைக்கு வருவார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கண்ணாடிதான். படம் பார்க்க வந்தவரைத் தேடி வீட்டிலிருந்து ஆள் வந்தால் என் கவுன்டரில்தான் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கில் காட்டிக் கரி பிடித்த கண்ணாடித் துண்டில் தென்னங்குச்சியால் எழுதி மேலே அனுப்புவேன். நீங்கள் அதைச் சிலைடு மிஷினில் செருகுவீர்கள். ஓடுகிற படத்தின் அடியில் வெள்ளையாக எழுத்து விழும். கருவேப்பிலங்குறிச்சி இன்னார், வெளியே வரவும். அவ்வளவுதான், ஒருவர் எழுந்து இருட்டில் தடவிக்கொண்டு வருவார். சுற்று வட்டாரத்தில் வேறெங்கும் இந்த வழக்கம் கிடையாது. "ஒன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருந்தாலும் ஆள் வந்துடறான் பாரு" என்பீர்கள்.

நீங்கள் அங்கே இருந்த கடைசிப் பொங்கலுக்கு ஒரு பெரிய படம் போட்டோம். இரண்டாம் நாள் மேட்னியில் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் அக்காளுக்குப் பிரசவ வலி, மாமன் உள்ளே படம் பார்க்கிறான். அவசரத்தில் நான் பேரை எழுத மறந்துவிட்டேன். ‘பெண்ணாடம் டிராக்டர் டிரைவர், மனைவிக்கு வலி, உடனே வெளியே வரவும்’ என்று மட்டும் எழுதினேன். கேட்டில் நிற்பவர் சாப்பிடப் போயிருந்ததால் கண்ணாடியை நானே மேலே எடுத்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் ரூமுக்குள் சின்னவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் துவாரத்தில் கேமராவைப் பொருத்திக்கொண்டு ஒரு அந்நிய ஆள் நின்றான். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கண்ணாடியை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "மொதலாளி வூட்டு சமாச்சாரம். நீ கீழ போம்மா." நான் இறங்கிப்போனேன். சிலைடு விழுந்ததும் கரும்பு ஏற்றி வந்த டிரைவர்கள் மூன்று பேர் அடித்துப் பிடித்து வெளியே ஓடி வந்தார்கள். மூன்று பேர் மனைவியும் நிறைமாசம்! அன்று அதைச் சொல்லிச் சொல்லி நாம் இருவரும் சிரித்தோம்.

நான்காம் நாள் பஸ் ஸ்டாண்டில் அந்தப் படத்தின் விசிடி விற்றது. வாங்கியவன் எல்லாம் வீட்டு டிவியில் என் கையெழுத்தைப் பார்த்தான். பெண்ணாடம் டிராக்டர் டிரைவர், மனைவிக்கு வலி. திரையை மறைத்துக்கொண்டு மூன்று தலைகள் எழுந்து ஓடுவதும் அதில் இருந்தது. எங்கே எடுத்தது என்று யாரும் துப்புத் துலக்க வேண்டியிருக்கவில்லை. கடலூரிலிருந்து படக் கம்பெனி ஆள் போலீசோடு வந்து இறங்கினார்.

ஆபீஸ் ரூமில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். சின்னவர் நாக்கூசாமல் சொன்னார்: "நான் அன்னிக்கி ஊர்லயே இல்ல சார். ஆப்பரேட்டர்தான் ஆள உள்ள வுட்டுருக்கணும்." பெரிய முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"இது ஒன் எழுத்துதான? மேல யாரு இருந்தாங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் வீட்டுக்காரர் வேலை செய்த பீங்கான் கம்பெனியில் சூளையை அணைத்து ஆறு மாசம் ஆகியிருந்தது. வீட்டில் என் ஒருத்தி வேலைதான். அதை நீங்கள் அறிவீர்கள்.

"நான் கீழயே இருந்தங்க சார். மேல போவல. கேட்டுக்காரர்கிட்ட குடுத்தனுப்புனன்" என்றேன். கேட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் வேலை வேண்டும்.

உங்களை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். உங்கள் ஆப்பரேட்டர் லைசென்ஸும் அத்தோடு போயிற்று. உங்கள் பையனைப் பள்ளிக்கூடத்தில் விசிடி என்றே கூப்பிட்டார்கள். நீங்கள் பீங்கான் பேட்டையில் மண் சுமந்தீர்கள். பாலக்கரை முக்கில் எதிரே பார்க்கும்போதெல்லாம், "நல்லாருக்கியாம்மா? பசங்க படிக்குதா?" என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். அதற்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம் அண்ணே. மூன்றாம் வருஷம் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. சின்னவர் ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை அனுப்பியிருந்தார். அண்ணி கும்பிட்டு வாங்கி உங்கள் மேல் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றுதான் முடிவெடுத்தேன். அந்த மாலை வராமல் இருந்திருந்தால் ஒருவேளை நானும் மறந்து தொலைத்திருப்பேன்.

அப்புறம் நான் காத்துக்கொண்டிருந்தேன். சின்னவருக்கு வணக்கம் வைத்தேன், அவர் கேட்டபோது டீ வாங்கி வைத்தேன். டிவியும் விசிடியும் வந்து கொட்டகையில் முப்பது பேர், நாற்பது பேர் என்று ஆனபோது எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எனக்கு ஒரு சொட்டு வருத்தம் இல்லை. தன் கொட்டகைக்குத் தானே கொள்ளி வைத்த ஆள் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தினமும் என் கவுன்டர் துவாரத்தின் வழியாகப் பார்த்தேன். கொட்டகையை மகாலாக்கப்போவதாக அவர் சொன்னபோதுதான் பதறினேன். கொட்டகை போய்விட்டால் நான் எங்கே வைத்து அவரைப் பிடிப்பேன்?

கடைசி ஆட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னியாக வைத்து, ஊரையே இலவசமாகக் கூப்பிட்டார். பால்கனியில் பெரிய முதலாளி, அந்தக் குடும்பத்துப் பெண்கள், சின்னவர் மகளைக் கட்டிக்கொள்ளப்போகும் வீட்டார், ஊர்ப் பெரிய மனிதர்கள். கீழே பீங்கான் பெண்கள் தரையில்கூட உட்கார்ந்திருந்தார்கள். நான் கவுன்டரில் விளக்கைப் பற்றவைத்துக் கண்ணாடியைக் காட்டினேன். எழுத்து கோழி கிண்டியதாக இருக்கக் கூடாது என்று நிறுத்தி நிறுத்தி எழுதினேன்.

‘பொங்கல் படத்தை விசிடி எடுக்க ஆளை விட்டவர் சின்ன முதலாளி. ஆப்பரேட்டர் இல்லை. நான் பார்த்தேன்.’ கீழே என் பேர்.

உங்களுக்குப் பிறகு வந்த ஆப்பரேட்டர் எதையும் படித்துப் பார்க்க மாட்டார். சிலைடைத் தலைகீழாகத்தானே செருக வேண்டும். செருகிவிட்டுப் பீடி பிடிக்கப் போய்விட்டார். ஒரு நிமிஷத்தில் எடுக்க வேண்டியது, பாட்டு முழுக்க நின்றது. பெண்கள் பக்கம் படிக்கத் தெரியாத ஒருத்தி, "என்னாடி எழுதியிருக்குது?" என்றாள். பக்கத்திலிருந்தவள் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். பிறகு பெஞ்சிலிருந்து ஒரு விசில். அதன்பின் பாட்டே கேட்கவில்லை. எல்லாத் தலைகளும் பால்கனியைத் திரும்பிப் பார்த்தன. சம்பந்தி வீட்டார் முதலில் எழுந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள். தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. உங்கள் பையனும் பாவம் அறியாதவன்தானே.

சின்னவர் படியிறங்கி என் கவுன்டருக்கே வந்தார். முகம் செத்திருந்தது.

"என்னா காரியம் பண்ணிட்ட நீ? ஒனக்கு எத்தினி வருசம் சோறு போட்டன்?"

"சிலேடு போட்டாத்தான ஆளு வெளிய வருவாங்க" என்றேன். "வந்துட்டீங்க பாருங்க."

அந்த முகத்தை இன்றைக்கும் அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே. கசக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். அதற்குள் சேதி போயிருந்தது. தெருவே வாசலில் நின்றது. உங்கள் பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டான். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். கேமராவை, போலீசை, நான் சொன்ன பொய்யை. அண்ணி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு" என்றார். "அந்தப் பொண்ணு பாத்துது, சொல்லல, சொன்னா அது வூட்டுலயும் அடுப்பு எரியாது, நீ போயி அத ஒண்ணும் கேக்காதன்னு. நானும் கேக்கல. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறன். பாத்தன்னு எழுதுனியே, பொய் சொன்னன்னு ஏம்மா எழுதல?"

"கண்ணாடி சின்னதுங்க அண்ணி" என்றேன். "எடம் பத்தல."

அண்ணி சரி என்று தலையாட்டிவிட்டு டீ போட உள்ளே போனார்.

உங்களுக்குத் தெரியும் அந்தக் கண்ணாடி எவ்வளவு பெரியதென்று. இடம் இருந்தது அண்ணே.