தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே

காஞ்சிபுரம்
1976, வைகாசி

அன்பு மகள் தேவகிக்கு அப்பா எழுதுவது. உடம்புக்கு எனக்கும் அம்மாவுக்கும் ஒரு குறையுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கக் காமாட்சி துணையிருக்கட்டும். தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதால் இதை லாரிக்காரன் கலியன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் ஒளிந்திருக்கும் இடம் அவனுக்குத் தெரிந்தால் போதும், எனக்குத் தெரியவேண்டாம்.

நம் கடைக்குச் சேலை வாங்க ஆள் பிடித்து வருவானே தரகன் சிட்டிபாபு, அவன் இப்போது போலீசுக்கு ஆள். மாப்பிள்ளையின் ரயில்வே சங்கத்துக்காரர்களை மிசாவில் உள்ளே போட்டதிலிருந்து எதிர் வெற்றிலைக் கடையில் உட்கார்ந்து நம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைப் படியேறக் கூசியவனுக்கு இன்று தெருவே முந்திக்கொண்டு வணக்கம் வைக்கிறது. நெசவுக்காரர்கள் சேலையைக் கொடுத்த கையோடு ஓடுகிறார்கள், நின்று ஒரு வார்த்தை பேசுவதில்லை. "வெயில்ல ஏன்பா காயற, உள்ள வந்து உக்காந்தே பாரேன்" என்று சிட்டிபாபுவிடம் கேட்டேன். "இங்கேந்தே நல்லா தெரியுது மொதலாளி" என்று பல்லைக் காட்டுகிறான்.

இதில் உன் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். மாவு மெஷினில் அவன், "தேவகி எப்பக்கா வருது?" என்று கேட்டிருக்கிறான். ஊரே கேட்கிற கேள்விதானே, இவளும் பூரித்துப்போய், "ஆனி பொறந்ததும் கூட்டிக்கினு வந்துடுவோம்பா, தலைப்பிரசவம் அம்மா வூட்லதானே" என்றிருக்கிறாள். மறுநாளே இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். ஒரு சேலையைப் பிரித்துப் பார்த்து மடித்து வைத்துவிட்டு, "தாத்தா ஆவப் போறீங்களாமே, புள்ளையப் பாக்க மாப்பிள்ளை வராமலா இருப்பாரு?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை, போய்விட்டார். அம்மா அன்றிலிருந்து அடுப்படியில்கூடக் கிசுகிசுவென்றுதான் பேசுகிறாள். நீயும் அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான் திட்டியதே போதும்.

ஆகவே நீ இங்கே வரக்கூடாது. சித்தி மணியம்மாளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு அம்மா தென்னேரிக்குக் கிளம்புவாள், அங்கிருந்து கலியன் லாரியில் ஏறி உன்னிடம் வந்து சேருவாள். பிறந்த வீட்டுக்கு அழைக்கவில்லையே என்று அழாதே, முறையைப் பார்த்தால் மாப்பிள்ளை ஜெயிலில் இருப்பார். குடம் தூக்காதே, பப்பாளியைத் தொடாதே. இங்கே நான் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறேன், தொட்டில் கயிறு வாங்கி நாலு பேர் பார்க்கத் தெருவழியே கொண்டுவருவேன், சித்திக்குக் குணமானதும் அம்மா போய் உன்னை அழைத்து வருவாள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். சிட்டிபாபு இந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் உங்களை வேறெங்கும் தேடமாட்டார்கள்.

மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பிள்ளை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று எனக்குச் சொல்லியனுப்பாதே. பேரத்தில் எதையும் முகத்தில் காட்டாதவன்தான் நான், ஆனால் இதை மறைக்க எனக்கு வராது. அவன் தினமும் பார்ப்பது என் முகத்தைத்தான்.

இப்படிக்கு உன் அப்பா,
பரசுராமன்