கணவாய் அடிவாரத்தில் வண்டிகள் நிற்பதற்கு என் மனைவியே காரணம் என்ற அறிவிப்பை நீக்கக் கோரி

அனுப்புநர்:
கெரிம்பெக் தூர்சுன் உலு,
கணவாய்ச் சாலையின் கடைசி வீடு,
சாரி-கெச்சு கிராமம்,
கிர்கிஸ்தான்.

பெறுநர்:
மாவட்டத் தலைவர் அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம்.

பொருள்: நெடுஞ்சாலை ஓய்வு வளாக ஒப்பந்தத்தில் உள்ள வாகன வரத்து விதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு விலக்கு அளிக்கவும், வாசலில் வைக்கப்பட்ட கான்கிரீட் கட்டைகளை அகற்றவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எல்லைச் சாலையில் லாரி ஓட்டியவன். பார்வை மங்கியதால் வண்டியை விற்றுவிட்டு, ஒரு குதிரையும் இரண்டு மாடுகளும் வைத்துப் பிழைத்து வருகிறேன். கணவாய் ஏற்றம் தொடங்குமுன் வரும் கடைசி வீடு எங்களுடையது. என் மனைவி பெயர் சைரகுல். இந்த மனு அவளைப் பற்றியது. நான் மனு எழுதுவது அவளுக்குத் தெரியாது.

2. எங்கள் வீடு கடையல்ல. அங்கு எதுவும் விற்கப்படுவதில்லை. ஏற்றத்துக்கு முன் எஞ்சின் சூடு ஆற நிற்கும் ஓட்டுநருக்கு அவள் பால் தேநீரும் பூர்சோக் என்னும் பொரித்த ரொட்டியும் கொடுப்பாள். கொடுக்கும்போது அவர் கண்ணைப் பார்ப்பாள். கண் சிவந்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, வண்டிச் சாவியை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். தூங்கி எழுந்தால்தான் சாவி. சரக்கு அழுகிவிடும், முதலாளி திட்டுவார், எல்லையில் கதவை மூடிவிடுவார்கள் என்று எத்தனை காரணம் சொன்னாலும் அவளுடைய பதில் ஒன்றுதான்: "உன் முதலாளி நம்பரைக் குடு, நான் பேசிக்கிறேன். நீ போய்ப் படு."

பேசியும் இருக்கிறாள். பேச்சு வாங்கிய முதலாளிகள் சிலர் பெருநாளுக்குப் பழக்கூடை அனுப்புகிறார்கள்.

3. இப்பழக்கம் எப்படி வந்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அப்போது அது அவளுடைய தகப்பனார் வீடு. நானும் அல்மாஸ் என்ற நண்பனும் ஆளுக்கொரு லாரியில் கம்பளி மூட்டை ஏற்றி வந்தோம். தண்ணீர் கேட்டு இருவரும் அங்கே நிறுத்தினோம். அவள் என் முகத்தைப் பார்த்து, விளையாட்டாக என் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினாள். எனக்குக் கோபம். அல்மாஸ் சிரித்தபடி, "மாப்பிள்ள, நீ பொண்ணு கிட்ட சாவிய வாங்கிட்டு வா, நான் முன்னால போறேன்" என்று கிளம்பினான். இரண்டாவது வளைவில் அவனுடைய லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கியிருக்கிறான்.

அடுத்த வசந்தத்தில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. அன்றுமுதல் அவள் சாவி வாங்குவது விளையாட்டுக்கு அல்ல.

4. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குச் சில கிலோமீட்டர் கீழே, அதே சாலையில், ஓய்வு வளாகம் திறக்கப்பட்டது. பெட்ரோல் நிலையம், சாப்பாட்டுக் கூடம், குளிக்க வெந்நீர், தங்க அறைகள் எல்லாம் உள்ள நல்ல இடம். அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் அதைக் கட்டிய நிறுவனத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், வளாகத்துக்குப் போதிய வண்டிகள் வந்து நிற்கும் என்று மாவட்டம் உறுதி கூறியிருக்கிறது. அந்த உறுதியைக் காப்பாற்ற, சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த இடமும் வண்டிகளை நிற்கச் செய்யக் கூடாது என்று திட்ட அனுமதியிலும் ஒரு விதி சேர்க்கப்பட்டது. அதன்படி எங்கள் வீடு "அனுமதியற்ற வாகன ஈர்ப்பிடம்" என்று அறிவிக்கப்பட்டது.

5. ஆய்வுக்கு வந்த அதிகாரி மரியாதையானவர். காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, ரொட்டியும் பிட்டுத் தின்றார். பிறகு நடந்த பேச்சை உள்ளபடியே எழுதுகிறேன்.

"அக்கா, நீங்க எதுவும் விக்கல. போர்டும் இல்ல. அப்புறம் ஏன் இத்தனை லாரி நிக்குது?"

"தூக்கம் வருது, நிக்கிறாங்க."

"வளாகத்துல போய்த் தூங்கலாமே?"

"போகச் சொல்லித்தான் அனுப்புறேன். அங்க போனா டீயக் குடிச்சிட்டு நேரா மேல ஏறிடுறானுங்க. தூங்குன்னு சொல்ல அங்க ஆள் இல்லையே தம்பி."

அதிகாரி தலையை ஆட்டினார். அறிக்கையில் அதை எழுதவில்லை. அடுத்த வாரம் வாசலை ஒட்டி வண்டி ஒதுங்கும் இடம் முழுவதும் கான்கிரீட் கட்டைகள் வைக்கப்பட்டன. மீண்டும் வண்டிகள் நின்றால் மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற தாளும் கதவில் ஒட்டப்பட்டது.

6. ஓட்டுநர்கள் நிற்காமல் இல்லை. ஒதுங்க இடமில்லாததால் சாலையிலேயே நின்றார்கள். பின்னால் வந்த பேருந்து ஒன்று மயிரிழையில் தப்பியது. அன்று மாலையே சைரகுல் கெட்டிலையும் போர்வையையும் மூட்டை கட்டினாள். "வண்டி எங்க நிக்கணும்னு சட்டம் சொல்லுதோ, நான் அங்க போய் நிக்கிறேன்" என்றாள். வளாகத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

வளாக மேலாளர் எமில் வயதில் இளையவர். முதலில் அவளை விரட்டப் பார்த்தார். சில நாட்களில் வாகன நிறுத்தம் நிறைந்துவிட்டது. பிறகு அவரே ஒரு அறையைக் கொடுத்து, அவள் பெஞ்சின் மேல் கூரையும் போட்டுத் தந்தார். இப்போது ஒப்பந்தம் உறுதி கூறியதைவிட அதிகமான வண்டிகள் அங்கே நிற்கின்றன. அது மாவட்டத்தின் சாதனை என்று சென்ற கூட்டத்தில் தாங்கள் பேசியதாக அறிந்து மகிழ்ந்தேன்.

7. என் நிலை வேறு. கறவை மாடு என்னிடம் பால் தர மறுக்கிறது. அவளுடைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனால் சிறிது தருகிறது, பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு உதைக்கிறது. நான் சுடும் ரொட்டியை நாயும் யோசித்துத்தான் தின்கிறது. பகலில் குதிரையேறி வளாகத்துக்குப் போய் அவளைப் பார்க்கிறேன். ஒரு நாள் பனி பொழிந்ததால் அங்கேயே தங்கலாமா என்று கேட்டேன். தங்கும் அறை வாகனத்தில் வருவோருக்கு மட்டுமே என்பது விதி. என் குதிரை வாகனமாகுமா என்று எமில் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆகாதாம். அவர் வருத்தப்பட்டார். அவள் என் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டி, "இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போ. வழியில பாட்டுப் பாடிட்டுப் போ, இல்லன்னா குதிர மேலயே தூங்கிடுவ" என்று அனுப்பிவைத்தாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன். மனு எழுதும் எண்ணம் இருக்கவில்லை.

8. சென்ற வாரம் ஜோல்தோஷ் என்ற ஓட்டுநர் உருளைக்கிழங்கு ஏற்றி வந்தார். வளாகத்தில் இடமில்லை என்று வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். சைரகுல் உள்ளே இருந்ததால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. எங்கள் வீட்டருகே வந்து வேகம் குறைத்தார். கட்டைகளைக் கண்டு, நிற்காமல் ஏறினார். சிறிது நேரத்தில் சத்தம் கேட்டது. குதிரையை விரட்டிக்கொண்டு போனேன். லாரி பாறையில் மோதிச் சாய்ந்திருந்தது. அது இரண்டாவது வளைவு, ஐயா. குதிரையிலிருந்து குதித்து ஓடினேன்.

இந்த முறை ஆள் உயிரோடிருந்தார். இழுத்து வெளியே கிடத்தினேன். தொடை எலும்பு முறிந்திருந்தது. வலியிலும் அவர் என்னிடம், "அண்ணே, அக்கா கிட்ட சொல்லிடாதீங்க. தூங்காம ஏறினேன்னு தெரிஞ்சா கொன்னுடுவாங்க" என்றார்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அழுது நான் பார்த்தது குறைவு. அன்று வாகன நிறுத்தத்தில் எல்லோர் முன்னிலையிலும் அழுதாள். எமிலும் அழுதார். மறுநாள் காலை ஒரு ஓட்டுநரிடம் எமிலே சாவியைக் கேட்டு வாங்கினார். அந்த ஓட்டுநர் கெட்ட வார்த்தையில் திட்டினார். எமில் காது சிவக்க நின்றாரே தவிர சாவியைக் கொடுக்கவில்லை. அங்கே கண்ணைப் பார்க்க இனி ஆள் உண்டு. வளாகத்தில் இடம் கிடைக்காமல் மேலே வருபவர்களுக்குத்தான் எங்கள் வீடு வேண்டும். நிறுவனத்துக்கு இதில் நட்டமில்லை என்று எமில் கையெழுத்திட்டுத் தந்த கடிதத்தை இணைத்துள்ளேன்.

9. அலுவலகத்தில் விசாரித்தபோது ஒரு வழி சொன்னார்கள். இனி எந்த வண்டியும் தன் பொருட்டு நிற்காது என்று என் மனைவி உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டால், அவள் வீட்டுக்குத் திரும்பினாலும் மின் இணைப்பைத் துண்டிக்க மாட்டார்களாம். தாளையும் கொடுத்தார்கள். அதுவும் கையெழுத்தின்றி இத்துடன் உள்ளது.

அதை அவளிடம் நான் காட்டவில்லை. மாடு உதைப்பதும், படுக்கை குளிர்வதும், இந்த வயதில் தனியாகத் தின்பதும் கஷ்டம்தான். ஆனால் "எனக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடு" என்று நான் ஒருமுறை கேட்டால் அவள் போட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. போட்டுவிட்டு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏறிப்போகும் ஒவ்வொரு லாரியையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்ட சைரகுலை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஆகவே அவளிடம் கேட்க முடியாததைத் தங்களிடம் கேட்கிறேன். ஏற்றத்தில் பனி இறுகுவதற்குள் கட்டைகளை அகற்றி, எங்கள் வாசலில் வண்டிகள் நிற்கலாம் என்று ஒரு வரி எழுதித் தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இடம்: சாரி-கெச்சு
நாள்: நவம்பர் 18

இப்படிக்கு,
சைரகுலின் கணவன்,
கெரிம்பெக் தூர்சுன் உலு